தென் பெருங்கடல் உறிஞ்சும் கரியமில வாயுவை நாமே கணக்கிடுவது எப்படி

குளிர்ந்த நீரில் வாயு அதிகம் கரையும், துருவக் கடல் குளிர்ந்தது, ஆகவே துருவக் கடல் கரியமில வாயுவை அதிகம் உறிஞ்சுகிறது என்ற விளக்கத்தைப் பள்ளிப் பாடத்திலிருந்தே கேட்டு வருகிறோம். வெயிலில் கிடந்த சோடா பாட்டிலைத் திறந்தால் பொங்கி வழிவதும், குளிர்பெட்டியில் இருந்ததைத் திறந்தால் மெல்லச் சீறி அடங்குவதும் அதற்குச் சான்றாகக் காட்டப்படுகின்றன. இந்த விளக்கத்தின் முதல் இரண்டு பகுதிகளும் சரிதான். சிக்கல் அந்த 'ஆகவே'யில் இருக்கிறது. எண்களைப் போட்டுப் பார்த்தால், நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து நாம் காற்றில் சேர்த்த வாயுவைத் துருவக் கடல் விழுங்குவதற்கு அதன் குளிர்ச்சி முதன்மையான காரணம் அன்று என்பது தெரியவரும். அந்தக் கணக்கைப் படிப்படியாகப் போடும் முறையை இங்கே விளக்குகிறேன். மேல்நிலைப் பள்ளி வேதியியலும், கணினியில் எக்செல் போன்ற ஓர் அட்டவணைச் செயலியும் இருந்தால் போதும்.

எடுத்துக்காட்டாக, தென் அமெரிக்காவின் தென்முனைக்கும் அண்டார்க்டிகாவுக்கும் இடையிலுள்ள டிரேக் நீரிணையை எடுத்துக்கொள்வோம். இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. அண்டார்க்டிகாவைச் சூழ்ந்துள்ள தென் பெருங்கடலில் குளிர்காலத்தில் கப்பல் செல்வது அரிது. ஆனால் இந்த நீரிணையைக் கடந்து அண்டார்க்டிக் ஆய்வு நிலையத்துக்குச் சரக்கும் ஆட்களும் கொண்டுசென்ற 'லாரன்ஸ் எம். கூல்ட்' என்ற அமெரிக்கக் கப்பலில், 2002 முதல் கடல்நீரின் கரியமில வாயு அளவு தொடர்ந்து பதிவு செய்யப்பட்டது. ஆண்டின் எல்லாப் பருவங்களுக்கும் அளவீடுகள் உள்ள இடம் தென் பெருங்கடலில் இதைப்போல் வேறு எளிதில் கிடைக்காது.

கணக்கின் அடிப்படை ஒரே ஒரு பெருக்கல்தான். கடலுக்குள் செல்லும் வாயுவின் அளவு என்பது பரிமாற்ற வேகம், கரைதிறன், அழுத்த வேறுபாடு ஆகிய மூன்றின் பெருக்கற்பலனாகும். அழுத்த வேறுபாடு என்பது காற்றில் கரியமில வாயுவின் பகுதியழுத்தத்திலிருந்து கடல்நீரில் அதன் பகுதியழுத்தத்தைக் கழித்தால் வருவது. காற்றின் எண் பெரிதாக இருந்தால் வாயு உள்ளே போகும், நீரின் எண் பெரிதாக இருந்தால் வெளியே வரும். இந்த மூன்றில் அதிகம் பிழை நேர்வது அழுத்த வேறுபாட்டில்தான் என்பதால் அதிலிருந்தே தொடங்குவது நல்லது.

கடல்நீரின் எண்ணுக்குச் 'சோகாட்' என்ற பன்னாட்டுத் தரவுத் தொகுப்பை நாடலாம். உலகெங்கும் கப்பல்களும் மிதவைகளும் பதிவு செய்த அளவீடுகள் தரம் பார்க்கப்பட்டு, 2011 முதல் அதில் பொதுவில் வைக்கப்படுகின்றன. அதில் இருப்பது பகுதியழுத்தம் அன்று, வாயுவின் இயல்பு விலகலைத் திருத்திய ஃபியுகாசிட்டி என்ற அளவு. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நூற்றில் அரைப் பங்கைக்கூடத் தொடாது என்றாலும், காற்றுக்கு ஒன்றும் நீருக்கு மற்றொன்றுமாகக் கலந்துவிடக் கூடாது. அடுத்து, வெப்பநிலைப் பத்தியைக் கவனிக்க வேண்டும். கப்பலின் அடிப்பகுதியில் உறிஞ்சப்படும் நீர், குழாய் வழியே ஆய்வுக் கருவியை அடைவதற்குள் சற்றுச் சூடேறிவிடும். ஒரு டிகிரி சூடேறினால் நீரின் பகுதியழுத்தம் 4.23 விழுக்காடு உயரும் என்று டாரோ தகஹாஷியும் அவருடைய குழுவினரும் 1993இல் அளந்து காட்டினர். 385 மைக்ரோ அட்மாஸ்பியர் (ஒரு அட்மாஸ்பியரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோ அட்மாஸ்பியர்) உள்ள நீர் ஒரு டிகிரி சூடேறினால் 401 ஆகத் தோன்றும். சோகாட் தொகுப்பில் இந்தத் திருத்தம் முன்பே செய்யப்பட்டிருக்கும். மூலப் பதிவுகளை நேரடியாக எடுப்பவர்கள் தாமே செய்துகொள்ள வேண்டும்.

காற்றின் எண்ணில்தான் பலரும் சறுக்குகிறார்கள். சார்லஸ் டேவிட் கீலிங் 1958இல் ஹவாயின் மவுனா லோவாவில் தொடங்கிய அளவீட்டைப் போலவே, தாஸ்மானியாவின் கேப் கிரிமிலும் தென் துருவத்திலும் பல பத்தாண்டுகளாக அளவீடு நடைபெறுகிறது. அங்கே தரப்படும் 420 பிபிஎம் போன்ற எண், ஈரம் நீக்கப்பட்ட காற்றில் பத்து லட்சம் மூலக்கூறுகளில் எத்தனை கரியமில வாயு மூலக்கூறுகள் உள்ளன என்பதைச் சொல்வது. அது அழுத்தம் அன்று. அழுத்தமாக மாற்றுவதற்கு, அந்த இடத்தின் காற்றழுத்தத்திலிருந்து நீராவியின் அழுத்தத்தைக் கழித்து, மிச்சத்தால் பெருக்க வேண்டும். அண்டார்க்டிகாவைச் சூழ்ந்து நிரந்தரமான தாழ்வழுத்த வளையம் ஒன்று உண்டு. காற்றழுத்தம் 985 ஹெக்டோபாஸ்கல், நீரின் வெப்பம் 2 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 420 பிபிஎம் என்பது ஏறத்தாழ 405 மைக்ரோ அட்மாஸ்பியராகக் குறைந்துவிடுகிறது. நீரில் 385 இருந்தால் உண்மையான வேறுபாடு 20. திருத்தத்தை மறந்து 420ஐ அப்படியே போட்டவருக்கு 35 கிடைக்கும். அவர் கணக்கில் கடல் முக்கால் பங்கு கூடுதலாக உறிஞ்சியிருக்கும். இணையத்தில் ஆர்வலர்கள் போட்டுப் பகிரும் கணக்குகளைப் பார்க்கும்போது நான் முதலில் சரிபார்ப்பது இந்த ஓர் இடத்தைத்தான்.

இனிக் கரைதிறன். கடல்நீரின் வெப்பத்தையும் உப்புத்தன்மையையும் கொடுத்தால் கரைதிறனைத் தரும் சமன்பாட்டை ரே வைஸ் 1974இல் வெளியிட்டார். இன்றும் அதுவே புழக்கத்தில் இருக்கிறது. ஒரு அட்மாஸ்பியர் அழுத்தத்தில் ஒரு கிலோகிராம் கடல்நீரில் 0 டிகிரியில் 0.063 மோல் கரையும், 25 டிகிரியில் 0.028 மோல்தான் கரையும். இரு மடங்குக்கும் மேலான இந்த வேறுபாட்டைப் பார்த்ததும் சோடா பாட்டில் விளக்கம் வென்றுவிட்டதுபோல் தோன்றும். அவசரப்பட வேண்டாம், பரிமாற்ற வேகம் இன்னும் பாக்கி இருக்கிறது.

பரிமாற்ற வேகம் என்பது, வாயு கடலின் மேற்புறத் தோலை எவ்வளவு விரைவாகக் கடக்கிறது என்பதன் அளவு. காற்று அலையை எழுப்பி நீரைக் கலக்குவதால், இது காற்று வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று கொள்கிறோம். ரிக் வானின்காஃப் 2014இல் திருத்தி வெளியிட்ட வாய்பாட்டின்படி, விநாடிக்கு இத்தனை மீட்டர் என்ற காற்று வேகத்தின் வர்க்கத்தை 0.251ஆல் பெருக்கி, அதை நீரின் ஷ்மிட் எண்ணுக்குரிய திருத்தத்தால் மீண்டும் பெருக்கினால், மணிக்கு இத்தனை சென்டிமீட்டர் என்று விடை வரும். ஷ்மிட் எண் என்பது நீரின் பிசுக்குமையை, அந்த நீரில் வாயு மூலக்கூறு பரவும் திறனால் வகுத்தால் கிடைப்பது. நீர் குளிரக் குளிரக் கெட்டிப்பட்டு, மூலக்கூறு நகர்வது கடினமாகிவிடுவதால், 20 டிகிரியில் 668 ஆக உள்ள இந்த எண் 0 டிகிரியில் 2,117 ஆக உயர்கிறது. அந்த எண்ணை 660ஆல் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, அதன் தலைகீழியை எடுப்பதே திருத்தம்.

எண்களைப் போடுவோம். காற்று வேகம் விநாடிக்கு 10 மீட்டர், நீரின் வெப்பம் 2 டிகிரி. ஷ்மிட் எண் ஏறத்தாழ 1,862, திருத்தம் 0.595. 25.1ஐ அதனால் பெருக்கினால் மணிக்கு 14.9 சென்டிமீட்டர், அதாவது நாளொன்றுக்கு 3.6 மீட்டர். கரைதிறன் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 60 மோல். இவ்விரண்டையும் 20 மைக்ரோ அட்மாஸ்பியரால் பெருக்கினால், ஒரு சதுர மீட்டர் கடற்பரப்பில் நாளொன்றுக்கு 4.3 மில்லிமோல் உள்ளே செல்கிறது. ஆண்டுக்குக் கார்பனாகக் கணக்கிட்டால் 19 கிராம். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 19 டன்.

இப்போது அதே காற்றையும் அதே அழுத்த வேறுபாட்டையும் வைத்துக்கொண்டு, வெப்பத்தை மட்டும் 25 டிகிரியாக மாற்றிப் பாருங்கள். கரைதிறன் பாதிக்கும் கீழே இறங்கி 29 மோல் ஆகிறது. ஆனால் பரிமாற்ற வேகம் நாளுக்கு 6.8 மீட்டராக ஏறிவிடுகிறது. விடை 3.9 மில்லிமோல். துருவக் கடலின் 4.3க்கும் வெப்பக் கடலின் 3.9க்கும் இடையே பத்தில் ஒரு பங்கு வேறுபாடுதான். குளிர்ச்சி ஒரு கையால் கொடுப்பதை மறு கையால் ஏறத்தாழ முழுவதும் எடுத்துக்கொள்கிறது. ஆக, வாயு உள்ளே போவதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அழுத்த வேறுபாடே; அந்த வேறுபாடு துருவக் கடலில் எதனால் தொடர்ந்து நீடிக்கிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

அதற்குள் போகுமுன், கணக்கை முழு ஆண்டுக்கும் முழுப் பரப்புக்கும் விரிக்கும்போது செய்ய வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். காற்று வேகத்தின் மாதச் சராசரியை எடுத்து அதை வர்க்கப்படுத்தக் கூடாது. ஒவ்வொரு வேளையின் வேகத்தையும் வர்க்கப்படுத்தி, பிறகு சராசரி காண வேண்டும். ஒருநாள் 5 மீட்டரும் மறுநாள் 15 மீட்டரும் வீசினால் சராசரி 10, அதன் வர்க்கம் 100. ஆனால் வர்க்கங்களின் சராசரி 125. புயல்கள் ஓயாத தென் பெருங்கடலில் இந்தப் பிழை பெரிதாகும். கடற்பனி மூடிய பகுதியைக் கழிப்பதும் கட்டாயம். அண்டார்க்டிகாவைச் சுற்றியுள்ள கடற்பனி கோடையில் 30 லட்சம் சதுர கிலோமீட்டரளவுக்கோ அதற்கும் கீழோ சுருங்கி, குளிர்கால முடிவில் 1.8 கோடி சதுர கிலோமீட்டரளவுக்கு விரியும். ஆகவே மேலே கண்ட 19 டன்னை மொத்தப் பரப்பால் பெருக்கிவிட்டு விடை கிடைத்துவிட்டதாக நினைக்கக் கூடாது. மேலும், கடலின் மேற்புறத் தோல் அதன் அடியில் உள்ள நீரைவிட ஒரு டிகிரியில் ஆறில் ஒரு பங்கு அளவுக்குக் குளிர்ந்திருக்கிறது. கப்பல் அளப்பது சில மீட்டர் ஆழத்து நீரை. இந்தச் சிறு வேறுபாட்டைச் சேர்த்தால் உலகக் கடல்கள் ஆண்டுதோறும் உறிஞ்சும் அளவில் 80 முதல் 90 கோடி டன் கார்பன் கூடுதலாகச் சேரும் என்று ஆண்ட்ரூ வாட்சன் குழுவினர் 2020இல் காட்டினர். ஆண்டு முழுவதற்கும் கடல் உறிஞ்சுவது ஏறத்தாழ 300 கோடி டன்னை ஒட்டியது என்னும்போது, இது சிறிய திருத்தம் அன்று.

இனி அந்தக் கேள்வி. இதுவரை கணக்கிட்டது இன்றைய நிகரப் பாய்வு. அதில் இயற்கையாகச் சுழலும் கார்பனும் மனிதர் சேர்த்த கார்பனும் கலந்திருக்கின்றன. இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்வதே இந்த முறையின் முக்கியமான படி.

அண்டார்க்டிகாவைச் சுற்றி மேற்கிலிருந்து இடைவிடாமல் வீசும் காற்று மேற்பரப்பு நீரை வடக்கு நோக்கித் தள்ளுகிறது. அந்த இடத்தை நிரப்ப, 2 முதல் 3 கிலோமீட்டர் ஆழத்திலிருந்து பழைய நீர் மேலே வருகிறது. அந்த நீர் கடைசியாகக் காற்றைத் தொட்டு நூற்றாண்டுகள் ஆகியிருக்கும். மேலிருந்து விழுந்த உயிரினக் கழிவுகள் ஆழத்தில் மட்கியதால் அதில் இயற்கைக் கார்பன் நிறைந்திருக்கிறது. மனிதர் சேர்த்த கார்பனோ அதில் கிட்டத்தட்ட இல்லை. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் 280 பிபிஎம் இருந்தது. அதே தாழ்வழுத்தத் திருத்தத்தைச் செய்தால் 270 மைக்ரோ அட்மாஸ்பியர். மேலே வந்த நீரில் 430 இருந்ததாக வைத்துக்கொண்டால், அன்று 160 அளவு வேறுபாட்டோடு வாயு வெளியேறியிருக்கும். இன்று காற்றில் 405 இருப்பதால் வெளியேற்றத்தைத் தூண்டும் வேறுபாடு வெறும் 25. அம்புக்குறி இன்றும் வெளிநோக்கியே இருக்கிறது. ஆனால் 135 அளவுக்கு வெளியேற்றம் தடுக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தடுப்புதான் மனிதக் கார்பனை உறிஞ்சுவது என்பதன் பொருள். வாயுவை வெளியே விட்டுக்கொண்டிருக்கும் கடற்பகுதியும் மனிதக் கார்பனை உறிஞ்சும் பகுதியாக இருக்கலாம் என்பது முதலில் குழப்பமாகத் தோன்றினாலும், அணைக்கட்டின் வரவு செலவைப் பார்ப்பவருக்கு எளிதில் விளங்கும்: திறந்துவிடும் நீரைக் குறைத்தாலும் அணையில் நீர் கூடும். இரு காலத்திலும் நீரின் எண் மாறவில்லை என்று எளிமைப்படுத்தியிருப்பதால், இந்த 135ஐ மேல்வரம்பாகவே கொள்ள வேண்டும்.

மேலே வந்த நீர் அங்கேயே நின்றுவிடுவதில்லை. காற்று தள்ளத் தள்ள வடக்கு நோக்கி நகர்ந்து, போகும் வழியில் கோடையில் நுண்பாசிகள் கார்பனை எடுத்துக்கொள்ள, நீரின் எண் காற்றின் எண்ணுக்குக் கீழே இறங்குகிறது. வாயு உள்ளே புகத் தொடங்குகிறது. ஆக்சிஜன் சில வாரங்களில் காற்றோடு சமநிலை அடைந்துவிடும். கரியமில வாயு கரைந்ததும் பைகார்பனேட்டாகவும் கார்பனேட்டாகவும் உருமாறிவிடுவதால், மேலடுக்கு முழுவதும் சமநிலைக்கு வரப் பல மாதங்கள், சில இடங்களில் ஓராண்டுகூட ஆகும். அதற்குள் நீர் 40 முதல் 50 டிகிரி தெற்கு அட்சரேகைப் பட்டையை அடைந்து, குளிர்காலத்தில் மேலடுக்கு பல நூறு மீட்டர் ஆழத்துக்குக் கலங்கும் இடங்களில் கீழிறங்கிவிடுகிறது. நிரம்பிய குடம் நகர்ந்துபோக, அந்த இடத்துக்குக் காலிக் குடம் வந்துகொண்டே இருக்கிறது. வெப்பமண்டலக் கடலிலோ, இளஞ்சூடான மெல்லிய மேலடுக்கு ஆண்டுக்கணக்கில் மேலேயே மிதந்து காற்றோடு சமநிலைக்கு வந்துவிடுவதால், வேறுபாடு பெரிதாக வளர இடமில்லை.

குளிர்ச்சியின் பெருமையைக் குறைக்கும் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ரோஜர் ரெவெல்லும் ஹான்ஸ் சூஸும் 1957இல் சுட்டிக்காட்டிய தடுப்புக் காரணி, அதாவது ரெவெல் காரணி, அது. புதிதாக வரும் கரியமில வாயுவை ஏற்றுக்கொள்வது நீரிலுள்ள கார்பனேட் அயனி. இரண்டும் சேர்ந்து பைகார்பனேட் ஆகின்றன. வெப்பக் கடலில் கிலோகிராமுக்கு 200 மைக்ரோமோலுக்கு மேல் கார்பனேட் இருக்க, தென் பெருங்கடலின் தெற்கில் ஏறத்தாழ 100தான் இருக்கிறது. ஆகவே வெப்பக் கடலில் 9 என்ற அளவில் உள்ள ரெவெல் காரணி, துருவக் கடலில் 13க்கும் மேலே போகிறது. காற்றில் 10 விழுக்காடு கூடினால், நீரில் கரைந்த மொத்தக் கார்பன் எத்தனை விழுக்காடு கூடும் என்று அறிய 10ஐ இந்தக் காரணியால் வகுக்க வேண்டும். 2,000 மைக்ரோமோல் உள்ள வெப்ப நீர் 22 மைக்ரோமோல் ஏற்கும். 2,150 உள்ள துருவ நீர் 16 அல்லது 17 மைக்ரோமோல்தான் ஏற்கும். சமநிலைக்கு வந்த ஒரு லிட்டர் துருவ நீர், மனிதக் கார்பனைப் பொறுத்தவரை வெப்ப நீரைவிடச் சிறிய பாத்திரம். அந்தச் சிறிய பாத்திரம் ஓயாமல் மாற்றப்படுகிறது என்பதாலேயே 30 டிகிரிக்குத் தெற்கே உள்ள கடல் உலகக் கடல்கள் உறிஞ்சும் மனிதக் கார்பனில் ஏறத்தாழ 40 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது.

விடையைச் சரிபார்க்க, கார்பன் எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பது நல்ல வழி. குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோபுளோரோகார்பன்கள் 1930களுக்கு முன் உலகில் இருந்ததில்லை. கடலாழத்தில் அவை இருக்கும் இடத்துக்கு அண்மைக் காலத்துக் காற்று எட்டியிருக்கிறது என்று பொருள். இத்தகைய தடயங்களின் துணையோடு கிறிஸ்டோபர் சபைன் குழுவினர் 2004இல் வெளியிட்ட கணக்கில், 1800 முதல் 1994 வரை கடல் எடுத்துக்கொண்ட மனிதக் கார்பன் 11,800 கோடி டன். அதில் 50 டிகிரிக்குத் தெற்கே தங்கியிருப்பது வெறும் 9 விழுக்காடுதான். அதற்கு வடக்கே, 14 டிகிரி தெற்கு வரை உள்ள பட்டையில் 40 விழுக்காட்டுக்கும் மேல் இருக்கிறது. உறிஞ்சும் இடமும் சேமிக்கும் இடமும் வேறு வேறு. வட அட்லாண்டிக்கில் மட்டும், லாப்ரடார் கடலிலும் கிரீன்லாந்தை ஒட்டிய கடல்களிலும் நீர் நேரே ஆழத்துக்கு இறங்குவதால், அது உலகக் கடற்பரப்பில் 15 விழுக்காடே இருந்தும் 23 விழுக்காட்டைத் தன்னுள் வைத்திருக்கிறது. அண்டார்க்டிகக் கரையிலும் மிகக் கனமான அடிநீர் உருவாகிறது. வெடெல், ராஸ் கடல்களைத் தவிர, இந்தியாவின் பாரதி ஆய்வு நிலையம் இருக்கும் பிரிட்ஸ் விரிகுடாவுக்கு மேற்கே கேப் டார்ன்லியிலும் அது பிறக்கிறது. ஆனால் அந்த நீர் பனிமூடிக்குக் கீழே, காற்றைத் தொட அதிக நேரமின்றி இறங்கிவிடுவதால் மனிதக் கார்பனைக் கொண்டுசெல்வதில் அதன் பங்கு சிறிது.

உங்கள் விடை வெளியான ஆய்வுகளோடு ஒத்துப்போகவில்லை என்றால் உடனே உங்களைச் சந்தேகிக்க வேண்டியதில்லை, ஆய்வுகளே தங்களுக்குள் ஒத்துப்போவதில்லை. 2014 முதல் விடப்பட்ட தானியங்கி மிதவைகள் பிஎச் அளவிலிருந்து கணக்கிட்டு, குளிர்காலத்தில் தென் பெருங்கடல் முன்பு நினைத்ததைவிட அதிகமாக வாயுவை வெளியிடுகிறது என்று காட்டின. 2021இல் வெளியான விமான அளவீட்டு ஆய்வு, 45 டிகிரிக்குத் தெற்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 53 கோடி டன் கார்பன் உள்ளேயே போகிறது என்று கண்டு, மிதவைகளின் முடிவோடு முரண்பட்டது. பிஎச்சிலிருந்து பகுதியழுத்தத்தைக் கணக்கிடும்போது ஒரு சில மைக்ரோ அட்மாஸ்பியர் ஒருபக்கமாகச் சாய்ந்தாலே இத்தகைய இடைவெளி வந்துவிடும் என்பது, 20ஐ வைத்துக் கணக்குப் போட்ட நமக்கு வியப்பாக இராது.

ஒப்பிடும்போது மூன்று பொருத்தங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். சிலர் கார்பனாகவும் சிலர் கரியமில வாயுவாகவும் எழுதுவார்கள், முதலாவதை 3.67ஆல் பெருக்கினால் இரண்டாவது வரும். தென் பெருங்கடலின் வட எல்லையை 30, 35, 45, 50 என்று ஆளுக்கொரு டிகிரியில் வரைவார்கள். கடலுக்குள் போவதைக் கடலியலார் பலர் கழித்தல் குறியோடும், நாம் இங்கே செய்ததுபோல் வேறு சிலர் கூட்டல் குறியோடும் எழுதுவார்கள். அட்டவணையின் தலைப்பில் எந்தக் குறி என்று எழுதிவைக்காவிட்டால், ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்க்கும்போது கடல் உறிஞ்சியதா உமிழ்ந்ததா என்பது உங்களுக்கே தெரியாமல் போகும்.